பிரம்புத் தலைமாட்டைச் சுற்றி ஓர் அமைதியான படுக்கையறை: எதனோடு எது பொருந்தும்?

கட்டிலின் தலைமாட்டுக்குப் பிரம்பு என்று முடிவு செய்தவர்கள், பெரும்பாலும் அதே மூச்சில் பிரம்பு விளக்குக் கூண்டு, பிரம்புச் சட்டமிட்ட கண்ணாடி, பிரம்புக் கூடை என்று வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்த அறை, சிதம்பரத்திலிருந்து சீர்காழி செல்லும் சாலையில் தைக்கால் கிராமத்தையொட்டி நிற்கும் பிரம்புக் கடைகளில் ஒன்றைப் போல ஆகிவிடுகிறது. கடைக்கு அது அழகு. உறங்கும் அறைக்கு அன்று. பிரம்பு என்பது வெறும் பழுப்பு நிறம் மட்டுமன்று. நூற்றுக்கணக்கான சிறு துளைகளும் அவற்றின் நிழல்களும் சேர்ந்த ஒரு கோலம். அறையில் கண் தங்கிப் பார்க்கும் கோலம் அது ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல். தலைமாடு, சுவர், விளக்கு, துணி ஆகிய நான்கையும் அதைக் கொண்டே இங்கே எடைபோடுகிறேன். மனத்தில் வைத்திருக்கும் அறை, சென்னை அடுக்ககங்களில் வழக்கமாகக் காணப்படும் 10 அடிக்கு 12 அடி அறை: 5 அடி அகலக் கட்டில், கூரையின் நடுவே மின்விசிறி, மழையில் நனையும் ஒரு வெளிச்சுவர், ஓர் ஏசி.

முதலில் தலைமாடு. கடைகளில் இது மூன்று விதமாகக் கிடைக்கிறது: தண்டுப் பிரம்பை வளைத்துச் செய்தது, மரச்சட்டத்துக்குள் பிரம்புப் பின்னல் பொருத்தியது, பிரம்பைப் போலவே தோன்றும் பிளாஸ்டிக் வாரால் பின்னியது.

பிரம்பு, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. மூங்கிலைப் போல உள்ளே குழலாக இல்லாமல் திண்மையாக இருப்பதால், சூடுகாட்டினால் உடையாமல் வளைந்து, ஆறியபின் வளைந்தபடியே நிற்கும். வளைத்துச் செய்த தலைமாட்டில் மயில்தோகையும் வட்டங்களும் அலைகளும் வருவது இந்தக் குணத்தால்தான். கைவேலையின் நுட்பத்தில் மற்ற இரண்டும் இதன் அருகில் வர முடியாது. ஆனால் தோகை போல விரிந்த ஓர் உருவம் 10 அடிச் சுவரில் நிற்கும்போது, அதைச் சுற்றி வெற்றிடம் மிஞ்சுவதில்லை. பார்வை அதன் வளைவுகளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். பெரிய, உயரமான கூடங்கள் உள்ள பழைய வீடுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுக்கக அறைக்கு மாட்டேன்.

மரச்சட்டத்துக்குள் வரும் பின்னல், பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த மெல்லிய இழைகளால் ஆனது. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் இழைகள் ஓடி, இடையில் எண்கோணத் துளைகளை விட்டுச் செல்லும் அந்தப் பின்னலை, பழைய அரசு அலுவலக நாற்காலிகளில் உட்கார்ந்த எவரும் அறிவர். அந்த நாற்காலிகள் பல பத்தாண்டுகள் உழைத்ததற்குக் காரணம், பின்னல் என்றும் தளராதது என்பதன்று. தளர்ந்தால் அதை மட்டும் அறுத்தெடுத்து, அதே சட்டத்தில் புதிதாகப் பின்ன முடியும் என்பதே. தலைமாட்டுக்கும் இதே வசதி உண்டு. சற்றே தொய்ந்திருந்தால் அதுகூடத் தேவையில்லை. பின்புறத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காயவிட்டால், உலரும்போது இழைகள் இறுகிக்கொள்ளும். தேக்குச் சட்டத்தின் நேர்கோடுகள் கோலத்துக்கு வரம்பு கட்டிவிடுவதால், நெருக்கமான பின்னலாக இருந்தாலும் அது சுவரில் அமைதியாக அடங்கி நிற்கிறது. என் தேர்வு இதுதான்.

பாலிஎத்திலீன் வார்களால் பின்னிய தலைமாட்டை ஏளனமாக ஒதுக்கிவிடுவோர் உண்டு. நான் அவ்வாறு செய்யமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரைத் தவிர கட்டிலுக்கு வேறு சுவரே இல்லை என்றால், பூஞ்சணம் பிடிக்காத இதுவே நடைமுறைக்கு உகந்தது. இயற்கைப் பிரம்பில் மாவுச்சத்து இருப்பதால் அதைத் துளைத்துத் தின்னும் வண்டுகள் உண்டு. கட்டிலுக்கடியில் கோதுமை மாவு போன்ற தூள் கொட்டிக்கிடந்தால் அவை வந்துவிட்டன என்று பொருள். வாங்கும்போதே பூச்சித் தடுப்பு மருந்தில் ஊறவைத்த பிரம்பா என்று கேட்பதும், வெட்டுமுனைகள் வார்னிஷால் மூடப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதும் அவசியம். பிளாஸ்டிக்கில் இந்தக் கவலைகள் எவையும் இல்லை. அதன் குறை வேறு: இழைக்கு இழை ஒரே நிறம், ஒரே மினுக்கம், விளக்கொளி பட்டால் அந்த மினுக்கமே முதலில் கண்ணில் படும். இயற்கைப் பிரம்பு ஆண்டுக்காண்டு தேன் நிறத்துக்குப் பழுத்துக்கொண்டு போகும் அழகும் இதில் கிடையாது.

இவற்றில் எதை வாங்கினாலும், நம் வீடுகளில் தலையெண்ணெய் என்ற ஒன்று இருக்கிறது. விளம்பரப் படங்களில் சாய்ந்து புத்தகம் படிப்பவர்களின் தலையில் அது இருப்பதில்லை. மேற்பூச்சு இல்லாத பிரம்பு எண்ணெயை உறிஞ்சி, தலை படும் இடத்தில் கருத்துவிடும். நீண்ட கூந்தல் பின்னலின் பிசிறுகளில் சிக்கவும் செய்யும். துணி மெத்தையிட்ட தலைமாடோடு ஒப்பிட்டால், துடைத்தெடுக்க முடியும் என்ற அளவில் வார்னிஷ் பூசிய பிரம்பு எவ்வளவோ மேல். இருப்பினும், கழற்றித் துவைக்கக்கூடிய உறையிட்ட இரண்டு திண்டுகளை முன்னே வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு. முதுகின் பாரம் பின்னலில் இறங்காமல் அவை தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது சுவர். பழுப்பும் மஞ்சளும் கலந்த பிரம்புக்குப் பின்னால் நான்கு நிறங்கள் போட்டியிடுகின்றன: நீலச்சாயல் கொண்ட பளிச்சென்ற வெள்ளை, சுண்ணாம்பின் மங்கிய வெள்ளை, சாம்பல் கலந்த வெளிர்பச்சை, செங்கல் நிறம். முதலாவது, பக்கத்தில் இருக்கும் பிரம்பை மஞ்சள்காமாலை கண்டது போல ஆக்கிவிடும். செங்கல் நிறம் பிரம்பின் நிறத்துக்கு மிக நெருங்கிய உறவு என்பதால், தலைமாடு சுவரோடு கரைந்துபோய், செலவழித்த பணத்துக்குப் பலன் இல்லாமல் போகும். உண்மையான போட்டி சுண்ணாம்பு வெள்ளைக்கும் வெளிர்பச்சைக்கும் இடையில்தான். வெளிர்பச்சையின் எதிரில் பின்னலின் ஒவ்வோர் இழையும் தெளிவாகத் தெரியும். பகல் வெளிச்சம் நன்கு வரும் அறையில் அது மிகவும் குளிர்ச்சியாக இருக்கும். சன்னல் சிறியதாக இருந்தால் மாலைக்குப் பிறகு அதே பச்சை அழுக்கேறியது போலக் கறுத்துவிடும். சுண்ணாம்பு வெள்ளை எந்த வெளிச்சத்திலும் ஏமாற்றுவதில்லை. மேலும், உண்மையான சுண்ணாம்புப் பூச்சு காரத்தன்மை உடையதாகையால் பூஞ்சணம் எளிதில் தொற்றாது, சுவரும் மூச்சுவிடும். கையில் ஒட்டும் என்பது அதன் பழைய குறை. தலைமாட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்றுக்காக எப்படியும் ஓரங்குல இடைவெளி விடத்தான் வேண்டும் என்பதால், இங்கே அது பெரிதாகத் தொல்லை தராது. எமல்ஷன்தான் என்று முடிவு செய்தால் பளபளப்பில்லாத வகையை வாங்க வேண்டும். வடக்கே தலைவைக்கக் கூடாது என்ற வழக்கத்தால் கட்டில் மேற்குச் சுவருக்கு வந்து, எதிரே கிழக்குச் சன்னல் திறந்திருந்தால், காலை வெயில் நேராகப் பிரம்பில் விழுந்து அதை வறட்டிவிடும். அந்தச் சன்னலுக்குத் திரை வேண்டும்.

நான்கிலும் விளைவு மிகப் பெரியதாகவும், அக்கறை மிகக் குறைவாகவும் இருப்பது விளக்கில்தான். நம் வீடுகளில் இன்றும் வழக்கமாக எரிவது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அளவிலான வெண்குழல் விளக்கு. அதன் கீழே பிரம்பு உயிரற்றுச் சாம்பல் பூத்துத் தெரியும். மஞ்சளொளி தரும் 2700 கெல்வின் விளக்கில் அதே பிரம்பு பொன்னிறம் கொள்ளும். ஆகவே நிறத்தில் போட்டியே இல்லை. விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் மூன்று கட்சிகள். தலைமாட்டுக்குப் பின்னால் எல்இடி நாடாவை ஒட்டுவது இப்போதைய மோகம். துளைகள் வழியே அதன் புள்ளிகள் ஒவ்வொன்றும் கண்ணைக் குத்துவதால், புகைப்படத்துக்கு உகந்த அது படுப்பவருக்கு உகந்ததன்று. கூரையிலிருந்து தொங்கும் பிரம்புக் கூண்டு விளக்கு, தன் துளைகளின் நிழலை நான்கு சுவர்களிலும் வீசிவிடும். மின்விசிறிக்கு மேலே அது அமைந்துவிட்டால், இறக்கைகள் ஒளியை வெட்டி அறை முழுவதும் துடிக்கத் தொடங்கும். கட்டிலின் இருபுறமும், மெத்தையிலிருந்து ஏறத்தாழ 2 அடி உயரத்தில், துணி மறைப்புப் போட்ட இரண்டு சுவர்விளக்குகளை அமைத்தால், ஒளி பக்கவாட்டில் தவழ்ந்து பின்னலில் மெல்லிய நிழலை மட்டும் எழுப்பும். ஆளுக்கொரு சுவிட்ச் என்பதால் ஒருவர் படிக்க, மற்றவர் உறங்கலாம்.

துணியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பூப்போட்ட விரிப்பும் பிரம்புப் பின்னலும் ஒரே பார்வையில் விழும்போது இரண்டும் தோற்கின்றன. பட்டின் பளபளப்பும் பாலியஸ்டரின் வழுவழுப்பும் பிரம்பின் சொரசொரப்போடு ஒட்டுவதில்லை. சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளில் கோடில்லாத, அல்லது ஓரத்தில் மட்டும் கரையோடும் வகையே போதுமானது. பவானி ஜமக்காளத்தின் அடர்ந்த பட்டைக் கோடுகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதை இந்தக் கட்டிலின் மேல் விரிக்கமாட்டேன், கூடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

தலைமாட்டுக்கு மேலுள்ள சுவரில் எதையாவது மாட்டியே தீர வேண்டும் என்போருக்கு, படமா கண்ணாடியா என்ற கேள்வி எழும். இரண்டும் வேண்டாம், படுத்திருப்பவர் கண்ணுக்கு அந்த இடம் தெரிவதே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பத்தமடைக் கோரைப்பாய் வாங்கிக் கட்டிலின் பக்கத்தில் தரையில் விரிக்கலாம். அதுவும் இழைப் பின்னல்தான் என்றாலும், மிக நுண்ணியது. நின்று பார்க்கையில் ஒரே நிறமாகத் தெரிந்து, காலையில் இறங்கும்போது பாதத்துக்கு மட்டும் தன் நெசவைக் காட்டும்.