காம்பி ஒன்றா, கட்டரும் ஸ்பிரெடரும் தனித்தனியா: குமரிச் சாலைகளுக்கு எது ஏற்றது?

விபத்தில் நசுங்கிய வாகனத்துக்குள் சிக்கியவரை மீட்பதற்கு ஹைட்ராலிக் கருவி வாங்க நினைக்கும் எந்தக் குழுவும் முதலில் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். வெட்டுவதற்குக் கட்டர், விரிப்பதற்கு ஸ்பிரெடர் என்று தனித்தனியாக வாங்கி, பெட்ரோல் எஞ்சினில் ஓடும் ஹைட்ராலிக் பம்புடன் இணைப்பதா, அல்லது இரண்டு வேலையையும் ஒரே தாடையால் செய்யும் பேட்டரி காம்பியை வாங்குவதா? தக்கலைப் பக்கம் இயங்கும் எங்கள் தன்னார்வக் குழு காம்பியையே தேர்ந்தெடுத்தது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆயினும் தனிக்கருவிகளுக்கு உரிய இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெறும் ஆற்றலை மட்டும் பார்த்தால் தனிக்கருவிகளே மேல். ஒரு முழு அளவு ஸ்பிரெடரின் நுனி பெரும்பாலும் 60 செ.மீ.க்கு மேல் விரியும். காம்பிகளில் பலவும் 30 முதல் 40 செ.மீ. வரையே விரிகின்றன. கதவைப் பெயர்க்க அந்த அளவு பொதுவாகப் போதும். ஆனால் ஒரே மூச்சில் அகல விரிக்க முடியாததால், இடையில் தாடையை மூடி, உள்ளே நகர்த்தி, மீண்டும் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு தனிக்கருவிகள் இருந்தால் ஒன்று விரித்துத் தாங்கி நிற்கும்போது மற்றொன்று வெட்டும். காம்பியில் அது இயலாது.

வெட்டும் வேலையிலும் வேறுபாடு உண்டு. தனிக் கட்டரின் வளைந்த அலகுகள் உலோகத்தைத் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. காம்பியின் அலகுகள் ஏறத்தாழ நேரானவை என்பதால், பில்லரை, அதாவது கார் கூரையைத் தாங்கும் தூணை, நுனியில் பிடித்தால் அது நழுவி வெளியே வரப் பார்க்கும். அச்சுக்கு அருகிலுள்ள பள்ளத்தில், செங்குத்தாகப் பொருத்தினால்தான் காம்பி முழு வலிமையுடன் வெட்டும். கருவி முறுக்கிக்கொள்வதாகவோ அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதாகவோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வேறு கோணத்தில் பிடிக்க வேண்டும். இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புதிய கார் மாடல்களுக்கு மோதல் சோதனை விதிகள் கட்டாயமானதும், 2023 அக்டோபரில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் பாரத் என்கேப் தொடங்கியதும் நல்ல செய்திகள். ஆனால் உயிரைக் காக்கும் அதே உறுதியான எஃகு, நடுப் பில்லரை வெட்ட வரும் சிறிய காம்பியைத் திணறவைக்கும். அத்தகைய இடத்தில் பில்லரோடு மல்லுக்கட்டாமல், கீல் பக்கத்திலோ பூட்டுப் பக்கத்திலோ விரித்துக் கதவை எடுப்பதே விரைவான வழி.

இவ்வளவு குறைகளும் தெரிந்திருந்தும் காம்பியை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் பராமரிப்புதான். தீயணைப்பு நிலையத்தில் கருவியைத் தினமும் சோதிக்க முறைப்பணியில் ஆள் இருப்பார். தன்னார்வக் குழுவில் அவரவர் தொழில் முடிந்த பிறகுதான் கருவியைத் தொட முடியும். எஞ்சின் பம்பைப் பல வாரம் ஓட்டாமல் வைத்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசுபிசுப்பாகப் படிந்து, அவசர நேரத்தில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாமல் போகும். ஹோஸ்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 700 பார் அளவிலான அழுத்தம் ஓடும் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பார்வைக்குச் சிறு காயமாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். எனவே ஹோஸை ஒவ்வொரு முறையும் தேய்மானம், வீக்கம், வெடிப்பு பார்த்துத்தான் சுருட்ட வேண்டும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. இத்துடன் ஹோஸை இணைக்கும் கப்லிங்கில் மணல் புகாமல் மூடி போட வேண்டும், எண்ணெய் அளவையும் பார்க்க வேண்டும். குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் மாவட்டத்தில், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், இணைப்புகள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனை இடத்தில் துரு பிடிக்க வாய்ப்பும் கூடுகிறது.

பேட்டரி காம்பிக்கும் பராமரிப்பு உண்டு. அலகில் பல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது, அச்சிலுள்ள போல்ட்டின் இறுக்கத்தைச் சோதிப்பது, நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவது, ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஹோஸ் இல்லை, கப்லிங் இல்லை, பழைய பெட்ரோலும் இல்லை. இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிச் சார்ஜில் வைத்து, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் கருவி எடுத்தவுடன் இயங்குகிறது. இது எங்களுக்கு மிகப் பெரிய நிம்மதி.

நிலஅமைப்பும் இதே பக்கம்தான் நிற்கிறது. மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 66-இல் விபத்து நடந்தால் இரு பக்கமும் வாகனங்கள் அடைத்துக்கொள்ளும். கடைசித் தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கார் ரப்பர்த் தோட்டச் சரிவில் உருண்டால், சாலையில் நிற்கும் பம்பிலிருந்து ஹோஸ் எட்டாது. சுமார் இருபது கிலோ எடையுள்ள காம்பியை இருவர் மாறி மாறிச் சுமந்து இறங்கிவிடலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் காயம்பட்டவருக்குப் பயன்படும்.

லாரி கேபின் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. ஆதலால் அழுத்திச் சொல்ல மாட்டேன். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் மோதும் இடங்களில், ஆரல்வாய்மொழி வழியாக வரும் நான்கு வழிச்சாலை போன்ற இடங்களில், முழு அளவு ஸ்பிரெடரும் கட்டரும் கொண்ட தீயணைப்பு வாகனமே முதன்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டாஷ்போர்டு கால்மேல் இறங்கிவிட்டால் காம்பி மட்டும் போதாது. முன் பில்லரின் அடியில் வெட்டுக் கொடுத்து, அந்த வெட்டுக்குள் காம்பி நுனியை வைத்து ஓரளவு உயர்த்தலாம். முறையாகத் தள்ளுவதற்கு, நீண்டு விரிந்து தள்ளும் ஹைட்ராலிக் தண்டான ராம் வேண்டும். காம்பிக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான்.

வாங்கும்போது விரியும் அளவைவிட, மாற்று அலகு எங்கிருந்து எத்தனை நாளில் வரும், சர்வீஸ் செய்பவர் நாகர்கோவிலுக்கு நேரில் வருவாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே விற்பனையாளரை ஒரு பழைய காரில் நடுப் பில்லரை உங்கள் முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.