மேலே கைரம்பம், கீழே மிஷின்

என் அக்கா மகன் என்னோடு மர வேலைக்கு வர ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. பட்டுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் தேங்காய் பறிப்பது, மட்டை கழிப்பது, வீட்டின் மேல் சாய்ந்த மாமரத்தையும் வேம்பையும் கிளை கழிப்பது, காற்றில் விழுந்ததை அறுத்து எடுப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. போன மாதம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேட்டான்: "மாமா, தென்னை ஏறுற கருவி வாங்கவா, அறுக்குற மிஷின் வாங்கவா? ரெண்டும் வாங்க முடியாது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த அரிவாளையே தூக்கிக்கிட்டு அலையுறது?"

இதே கேள்வி 2018-ல் எனக்கும் வந்தது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. மிஷின் வைத்திருந்தவனுக்குத்தான் அப்போது வேலை. அவசரமாகப் போய் ஒரு பெட்ரோல் மிஷின் வாங்கினேன். எதற்கு எது என்பதை அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கற்றேன். அவனுக்கு வாயால் சொன்னது கொல்லையில் நாலு மரம் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஏறுவதற்கு

தென்னை ஏற எங்கள் ஊரில் மூன்று வழி உண்டு. தண்டில் படி வெட்டி ஏறுவது ஒன்று. இதை முதலிலேயே தள்ளிவிடலாம். மாமரத்தில் வெட்டுக்காயம் பட்டால் சுற்றிலும் புதுப்பட்டை வளர்ந்து மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கு அப்படி மூடுகிற பட்டை கிடையாது. இன்று வெட்டிய படி மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். அந்தக் காயத்தின் வாடைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கிறது. புழு உள்ளே குடைந்து தின்பது நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போயிருக்கும். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால்கூட, தண்டை ஒட்டி வெட்டாமல் 120 செ.மீ. விட்டு வெட்டு என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதற்காகத்தான். 'சுத்தமா வெட்டிடுப்பா, பாக்க அழகா இருக்கட்டும்' என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நான் செய்வதில்லை.

இரண்டாவது, காலில் தளைக்கயிறு மாட்டி ஏறுவது. என் அப்பா கடைசிவரை இதில்தான் ஏறினார். செலவு இல்லை, வேகம் அதிகம், வளைந்த மரத்திலும் ஏறலாம். ஆனால் ஆளைத் தாங்குவது அவருடைய கையும் மார்பும்தான். மழை பெய்து பாசி பிடித்த தண்டில் பிடி நழுவினால் தடுக்க எதுவும் இல்லை. அப்பாவின் மார்பில் இருந்த காய்ப்பை நான் சின்ன வயதில் பெருமையாகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

மூன்றாவது, ஏறும் கருவி. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஜோசப் என்பவர் செய்த மாடலில் நின்றபடி, படி ஏறுவதுபோல் ஏறலாம். கோவைப் பல்கலைக்கழக மாடலில் உட்கார்ந்து ஏறலாம். கம்பிக்கயிறு தண்டைச் சுற்றி வரும், நம் எடை விழ விழ இறுகும். கொச்சியில் உள்ள தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கி இந்தக் கருவியோடுதான் ஆட்களைப் பழக்கியது. மரம் ஏறியே பழக்கமில்லாத பெண்கள்கூட அதில் படித்துத் தொழிலுக்கு வந்தார்கள். தளைக்கயிற்றில் அது நடந்திருக்காது.

குறையும் உண்டு. ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்ற நேரம் போகும். மேலே போகப் போகத் தண்டு சிறுக்கும், அதற்கேற்பக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். எங்களுக்குக் கூலி மரக்கணக்கு என்பதால் அப்பா ஐம்பது மரம் ஏறுகிற நேரத்தில் கருவிக்காரன் முப்பதைத் தாண்டுவது கடினம். ஆனாலும் புதிதாக வருகிறவனுக்குக் கருவியும் இடுப்பு பெல்ட்டும்தான் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கம்பியில் ஒரு இழை அறுந்தாலும் மாற்று, ரப்பர் தேய்ந்தால் மாற்று, காலையில் போல்ட்டை எல்லாம் ஒருமுறை முடுக்கிப் பார். பராமரிப்பு இவ்வளவுதான்.

கிளை விட்ட மரத்தில் இந்தக் கருவி ஏறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மா, வேம்பு, தூங்குமூஞ்சிக்கு நல்ல கயிறும் உடம்பைத் தாங்கும் பெல்ட்டும்தான்.

வெட்டுவதற்கு

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மிஷின் இருந்தால் எல்லா வேலையும் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அரிவாளை எடுத்துக்கொள்வோம். தேங்காய்க் குலைக்கும் காய்ந்த மட்டைக்கும் கட்டைவிரல் பருமன் கிளைக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. இடுப்பில் செருகினால் எடையே தெரியாது. மணிக்கட்டுப் பருமனைத் தாண்டினால்தான் தொல்லை. வீச இடம் வேண்டும், நாலு வெட்டு வெட்ட வேண்டும், ஒரு வெட்டு தப்பினால் முழங்காலிலோ நம்மைத் தாங்கும் கயிற்றிலோ விழும். மரத்துக்கும் கெடுதல். பாதி வெட்டிய கிளை தன் பாரத்தில் ஒடிந்து, பட்டையை ஒரு முழம் கீழே வரை உரித்துக்கொண்டு போகும்.

கைரம்பம் என்று நான் சொல்வது தச்சருடையது இல்லை. வளைந்த அலகும், கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்த பல்லும் உள்ள, இழுக்கும்போது அறுக்கிற ரம்பம். தொடைப் பருமன் கிளைவரை ஒரு கையால் அறுத்துவிடலாம், மறுகை மரத்தைப் பிடித்திருக்கும். கை நின்றால் ரம்பமும் நிற்கும். இருபது அடி உயரத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கிளையைக் கழிக்கும் முறையும் ரம்பத்தில்தான் சரியாக வரும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுக்கணும். அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் பாரம் பட்டையை உரிக்காமல் விழும். கடைசியாக மீதிக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுத்து எடுக்க வேண்டும். அந்தத் தடிப்பைச் சேர்த்து வெட்டினால் காயம் ஆற ரொம்ப நாளாகும். தள்ளி முளைபோல் விட்டாலும் உளுத்துப்போகும்.

அப்புறம் பெட்ரோல் மிஷின். ஒரு சாண் தண்டை நிமிடத்துக்குள் துண்டாக்கும். கஜாவில் சாய்ந்த தென்னைகளை இது இல்லாமல் அகற்றியிருக்க முடியாது. அகற்றாமல் மட்க விட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற மரத்தின் குருத்தையும் தின்னும். ஆனால் மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை பார் என்போம். அந்த பாரின் நுனி, அதுவும் நுனியின் மேல்பாதி, எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். முன்னால் இருக்கும் செயின் பிரேக் அதற்காகத்தான். சிலர் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

2020-ல் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் மேல் மிஷினோடு நின்றேன். விசையை விட்டும் செயின் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சும்மா ஓடும்போது செயின் அசையவே கூடாது. கார்புரேட்டரில் ஐடில், அதாவது சும்மா ஓடும் வேகம், ஏறியிருந்ததைக் காலையில் நான் பார்க்கவில்லை. திரும்பும்போது கால்சட்டையைக் கிழித்து, தோலைத் தொட்டு நின்றது. அன்றிலிருந்து மிஷின் தரையில் மட்டும்தான்.

பேட்டரி மிஷின் இதற்கு நடுவில் நிற்கிறது. பெட்ரோலும் எண்ணெயும் கலக்க வேண்டாம், விசையை விட்டால் உடனே நிற்கும், சத்தம் குறைவு என்பதால் கீழே நிற்கும் ஆள் கத்துவது காதில் விழும். கடைசியில் சொன்னது பெரிய விஷயம். ஆனால் நாள் முழுக்க வேலை என்றால் மூன்று நான்கு பேட்டரி வேண்டும், அந்த விலைக்கு என் தொழிலில் கட்டுபடியாகாது. வீட்டுக்கொல்லைக்கு மட்டும் என்றால் நல்லது. இணையத்தில் விற்கும் ஒரு சாண் குட்டி மிஷின்களில் நான் பார்த்த பலவற்றில் செயின் பிரேக்கே இல்லை. ஒரு கையில் கிளையையும் மறுகையில் மிஷினையும் பிடிக்கத் தோன்றும். விரல் போவது அப்படித்தான்.

தீட்டுவது

கூலி மரக்கணக்கு என்பதால் தீட்டுகிற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால்தான் எதை வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, எதைத் தீட்டத் தெரியும் என்பது.

'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்காதே' என்று சொல்கிறோமே, அந்த மரம் எங்கள் தாத்தா வீட்டில் இருந்தது. ஒரு பலகை. அதில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அரிவாளைத் தேய்ப்பார். இப்போது சாணைக்கல்லும் ஒரு சொம்பு தண்ணீரும் போதும், பத்து நிமிட வேலை. முனை மழுங்கி உருண்டுவிட்டால் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கினால் இன்னும் சில வருடம் ஓடும்.

இழுப்பு ரம்பத்தில் பெரும்பாலானதைத் தீட்ட முடியாது. பல்லின் நுனியைச் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், அரம் வழுக்கும். மழுங்கினால் அலகை மாற்றுவதுதான். பலாப்பால் பட்டால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, காயவைத்து உறையில் போட்டால் அலகு நெடுநாள் வரும்.

செயின்தான் பொறுமையைச் சோதிக்கும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவாக விழுந்தால் போய்விட்டது. உருண்டை அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும், 30 பாகைச் சாய்வில். சின்ன மிஷின் செயினுக்கு 4 மி.மீ. அரம், அடுத்த அளவுக்கு 4.8. ஒரு பல்லுக்கு மூன்று தேய்ப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு வளைந்து போகும். வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்தி வைக்கணும், சூட்டில் நீண்டது ஆறும்போது சுருங்கி பாரை இறுக்கும். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் கம்பெனியுடையது என்றால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) என்றால் 40. கையேட்டில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம், அது ஈரம் இழுக்கும். அதனால் பத்து நாள் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

கொல்லைக்கு வரும் எண்ணெய்

மிஷினுக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில் கொல்லைத் தோட்டத்தை வைத்துத்தான் என் முடிவு மாறியது. எங்கள் வீட்டுக் காய்கறியில் பாதிக்கு மேல் கொல்லையில் விளைகிறது: கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை, வாழை. அறுத்த தூளைச் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் போடுவேன். மண்ணோடு கலந்தால் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மேலே பரப்பினால் ஈரம் காக்கும். ஆனால் செயின் வழுக்கி ஓட பாருக்கு ஊற்றுவது என்ன? பலரும் பைக்கில் வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள், நானும் ஊற்றினேன். அந்த எண்ணெய் முழுவதும் தூளோடு வெளியே போய்விடும். என் மனைவி ஒருநாள் கத்தரிப் பாத்தியில் கையை விட்டு முகர்ந்து பார்த்து, "இதுல ஒர்க்ஷாப் வாடை அடிக்குதுங்க" என்றாள். பழைய எண்ணெயில் உலோகத்தூளும் விஷமும் இருக்கும். அவ்வளவு தூளையும் வாரி எடுத்தேன். இப்போது பாருக்குச் சமையல் எண்ணெய்தான். ஓடாமல் நின்றால் அது பிசினாக இறுகும், அதனால் வாரக் கடைசியில் பாரைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. கைரம்பத் தூளுக்கு இந்தக் கவலையே இல்லை.

முருங்கைக்கு மட்டும் அரிவாள். அந்தக் கிளை யாரையும் தாங்காது, ஏறவே கூடாது. எங்களிடம் இருப்பது பெரியகுளத்துப் பி.கே.எம்-1 ரகம். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக ஒரே வெட்டு. நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும்.

மாமரம் காய் முடிந்த பிறகுதான், கைரம்பத்தால். பெரிய வெட்டில் போர்டோ பசை தடவுகிறேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஆளுக்கு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்.

சரி, மாப்பிள்ளை என்ன வாங்கினான்? ஏறும் கருவி, பெல்ட், ஒரு இழுப்பு ரம்பம். தரை வேலைக்கு என் மிஷினே இருவருக்கும் போதும், ஆனால் செயின் தீட்டுவது இனி அவன் பொறுப்பு. நேற்று வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து தீட்டி முடித்து, "பாருங்க மாமா" என்று நீட்டினான். வலது பக்கப் பல் எல்லாம் ஒரு தேய்ப்பு கூடுதல். அரத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.