ஷாம்பெயின் திராட்சைப் பறிப்புக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வேனில் ஏறுங்கள்

ஆறு நாள் வேலை, 160 யூரோ. 2024 செப்டம்பரில் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் திராட்சை பறித்ததற்கு எனக்குக் கிடைத்த மொத்தக் கூலி இது.

அந்தக் கோடை முழுவதும் இரவு பஸ்களில் தூங்கி, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, ப்ராக், க்ராக்கோவ், புடாபெஸ்ட் என்று சுற்றிவிட்டுப் பாரிசுக்குத் திரும்பியபோது கையில் 70 யூரோ மிச்சம். அப்போது வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது: ஒரு நாளைக்கு 100 யூரோ, தங்குமிடம் இலவசம். மாணவர் வதிவிட அட்டை இருந்தால் பிரான்சில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். என்னிடம் அது இருந்தது. தொலைபேசியில் பேசியவர் நம்மவர்தான். "தம்பி, யோசிக்காமல் வாருங்கள், எல்லாம் சட்டப்படிதான்" என்றார். படுக்கைக்கு முன்பணமாக 40 யூரோ கேட்டார். இலவசத் தங்குமிடத்துக்கு எதற்கு முன்பணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷாம்பெயின் பகுதியில் இருக்கும் எபெர்னே ஊரின் ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளை வேன் காத்திருந்தது. அதை ஓட்டிவந்தவருக்கு என் பெயர் தெரியாது, தலைக்கணக்குதான் தெரியும். எங்களை இறக்கிய இடம் பழைய டிராக்டர் கொட்டகை. சிமெண்டுத் தரையில் மெத்தைகள், 22 பேருக்கு ஒரு கழிப்பறை. சிலர் வெளியே கூடாரம் அடித்திருந்தார்கள். பண்ணைத் தொழிலாளர்களைக் கூடாரத்தில் தங்க வைப்பதைப் பிரெஞ்சுச் சட்டம் தடை செய்கிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

மறுநாள் காலை கையில் கத்தரிக்கோலைக் கொடுத்த பிறகுதான் மேஸ்திரி கூலியைச் சொன்னார்: கிலோவுக்கு 20 சென்ட். நூறு யூரோ எங்கே என்று கேட்டதற்கு, "வேகமாகப் பறித்தால் வரும்" என்றார். எப்படி வரும்? அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்திருந்தது. அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோயில் குலைகள் பாதி கருகிக் கிடந்தன. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகப் பத்து மணி நேரம் பறித்தாலும் 250 கிலோவைத் தாண்டவில்லை. மழையால் வேலை நின்ற இரண்டு நாளுக்குக் கூலி இல்லை. ஆனால் அந்த நாட்களுக்கும் சேர்த்து வேனுக்கு 8, படுக்கைக்கு 7 என்று தினமும் 15 யூரோ பிடித்துக்கொண்டார்கள். ஆறு நாளில் 1,400 கிலோ, 280 யூரோ. எட்டு நாள் பிடித்தம் 120. மீதி 160, ரொக்கமாக, ரசீது இல்லாமல். முன்பணம் போனது போனதுதான்.

கிலோக் கணக்கில் பேசினாலும், உழைத்த மணிகளுக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். அப்போது அது சமூகக் காப்பீட்டுப் பிடித்தங்களுக்கு முன் மணிக்கு 11.65 யூரோ. அறுபது மணிக்கு, மிகைநேரக் கூலியைச் சேர்க்காமலே, 699 யூரோ வந்திருக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன 100 யூரோவும் அந்தப் பிடித்தங்களுக்கு முந்தைய தொகை என்றால், பத்து மணி நேர வேலைக்கு அதுவே குறைவுதான்.

விவசாயத் தொழிலாளர்களின் காப்பீட்டு அமைப்பான எம்எஸ்ஏவில் விசாரித்தேன். என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. வேலை தொடங்கும் முன்பே முதலாளி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் கைக்கு வந்திருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் ஆள் அனுப்பிய ஒப்பந்தக்காரரைக் கைகாட்டினார், அவர் மேஸ்திரியைக் கைகாட்டினார், மேஸ்திரி தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே வேனில் ஏறும் முன் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கும், கூலி மணிக்கா கிலோவுக்கா, பிடித்தம் எவ்வளவு? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுங்கள். வேறு நாட்டு மாணவர் அட்டையோ, சுற்றுலா விசாவோ வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். அது இங்கே வேலை செய்வதற்கான அனுமதி அல்ல.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 2023 அறுவடையில் இதே பகுதியில் 57 பறிப்பாளர்களை மோசமான நிலையில் தங்கவைத்த வழக்கில், 2025 ஜூலையில் மூவருக்கு மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டது.

கூலி பாக்கிக்குத் தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நான் தினமும் எடை எழுதிவைத்த நோட்டும் வேனின் படமும் தொழிலாளர் ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த அறிவிப்பு இந்த ஆண்டும் வந்திருக்கிறது. தொகை மட்டும் 110 ஆகியிருக்கிறது.