தானத்துக்குப் பின்ன எந்த நூல்? நாகர்கோவில் கடைகளில் கிடைக்கும் குரோஷா நூல்கள், ஊசிகள் பற்றி

ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்பி, புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்குத் தலையுறை, முதியோர் இல்லத்துக்குப் போர்வை என்று கொக்கி ஊசியால் குரோஷா பின்னிக் கொடுப்பவர்கள் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. நூலைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் பலருக்கும் பிசகிப்போகிறது. வாரக்கணக்கில் பின்னியது ஒரே அலசலில் பாழாவதும், வார்டு அலமாரியில் தொடாமலே கிடப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நாகர்கோவிலில் மீனாட்சிபுரம், வடசேரிப் பக்கத்துத் தையல் சாமான் கடைகளிலும், மார்த்தாண்டம், தக்கலை பேன்சி கடைகளிலும் பொதுவாகக் கிடைக்கும் நூல் வகைகளையும் ஊசிகளையும் இங்கே பார்க்கிறோம். வாங்கியவர் நாலைந்து மாதம் அலசி, காயப்போட்டு, உபயோகித்த பிறகு பொருள் எப்படி இருக்கும் என்பதை வைத்தே மதிப்பிட்டிருக்கிறோம். கடையில் தெரியும் பளபளப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிள்ளைக்கும் நோயாளிக்கும் பருத்தி, போர்வைக்கு மட்டும் அக்ரிலிக், வெல்வெட் நூல் எதற்கும் வேண்டாம்.

கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது அனேகமாக அக்ரிலிக் நூல்தான். ஆட்டு ரோமம் அதில் இருக்காது. விலை குறைவு, எடை குறைவு, நிறங்கள் ஏராளம், சாயம் எளிதில் போகாது, சுருங்காது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் துணி காயாத இந்த மாவட்டத்தில், அலசிய சில மணி நேரத்தில் காய்ந்துவிடும் நூல் என்பது சின்ன விஷயம் இல்லை. 90 செ.மீ.க்கு 90 செ.மீ. அளவில் முதியவர்களுக்கான கால் போர்வை ஒன்றுக்கு நாலு இழை அக்ரிலிக் 350 முதல் 400 கிராம் பிடிக்கும், 5 மி.மீ. ஊசி சரியாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இதைவிட நீளமாகப் பின்னினால் ஓரம் சக்கரத்தில் மாட்டும்.

அக்ரிலிக்கின் பெரிய குறை சூடு. இஸ்திரிப் பெட்டி ஒருமுறை பட்டாலே பின்னலின் துள்ளல் போய்த் தொளதொளத்துவிடும்; அதை மீட்க வழியில்லை. கொதிநீரிலும் இதே கதிதான். தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையை உறிஞ்சாது என்பதால் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் வார்டில், பச்சைப் பிள்ளையின் தலையில் அக்ரிலிக் தொப்பி இருந்தால் வேர்க்குருவுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும் எதற்கும் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

லேபிள் இல்லாமல் ‘காட்டன்’ என்று சொல்லி விற்கும் நூல்களிலும் கவனம் தேவை. ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிரும். அக்ரிலிக்கோ பாலியெஸ்டரோ கலந்திருந்தால் உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாக நிற்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டு கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

இனி பருத்தி. நிட்டிங் காட்டன் என்ற பெயரில் வரும் நாலு இழை நூல்தான் தானப் பின்னலுக்கு அடிப்படை. கிராம் கணக்கில் அக்ரிலிக்கைவிட விலை கூடுதல். அதே தொப்பிக்கு எடையும் கூடுதலாகப் பிடிக்கும். கை சீக்கிரம் வலிக்கும், ஏனென்றால் பருத்தி இழுவை கொடுக்காது. இத்தனை இருந்தும் இதையே முதலிடத்தில் வைக்கிறோம். வியர்வையை உறிஞ்சும், கொதிநீரைத் தாங்கும், மருத்துவமனையில் 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கம் செய்தாலும் உருகாது.

பருத்தி சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். முதலில் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று பின்னி, வெந்நீரில் அலசி, காயவைத்து, அதன் பிறகு 10 செ.மீ.க்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். அலசாத துண்டில் எண்ணிப் பின்னிய தொப்பிதான் முதல் சலவையில் பிள்ளையின் தலையில் ஏறாமல் போவது.

தொப்பிக் கணக்கு எளிது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையின் தலைச்சுற்றளவு 33 முதல் 35 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி 32 செ.மீ. போதும். அதை 3.14ஆல் வகுத்தால் 10.2, உச்சி வட்டத்தின் குறுக்களவு இதுதான். 3 மி.மீ. ஊசியில், ஹாஃப் டபுள் தையலில் (நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக் குத்தி, மூன்று கண்ணியையும் ஒரே இழுப்பில் முடிப்பது), 10 செ.மீ.க்கு 20 தையல் வந்தால் முதல் சுற்று 8, அடுத்தது 16, பிறகு 24 என்று சுற்றுக்கு 8 கூட்டிக்கொண்டே 64 வரை போகவும். எட்டுச் சுற்றில் குறுக்களவு பத்து சொச்சம் வந்துவிடும். அதன் பின் கூட்டாமல், உச்சி நடுவிலிருந்து விளிம்பு வரை 14 செ.மீ. ஆகும்வரை நேராகப் பின்ன வேண்டும். நூல் 25 முதல் 30 கிராம் ஆகும். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு 56 தையலில் நிறுத்தினால் 28 செ.மீ., 48இல் நிறுத்தினால் 24 செ.மீ. எல்லோரும் 64இலேயே பின்னிக் குவிப்பதால், உண்மையில் தொப்பி அவசியமான குறைமாதப் பிள்ளைக்குத்தான் அளவு கிடைப்பதில்லை. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் பிள்ளைக்கு உடையாக இருப்பது டயப்பரும் காலுறையும் தொப்பியும்தான். அந்தத் தொப்பி கண்ணை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் செவிலியர் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார், அதில் தப்பே இல்லை. வீட்டில் பிள்ளை தூங்கும்போது தொப்பி போட வேண்டாம் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டியவர்களுக்கான தலையுறையும் இதே கணக்கில் வரும்: 104 தையல், 52 செ.மீ. சுற்றளவு, 21 செ.மீ. உயரம், 70 முதல் 80 கிராம். மருந்து ஏறிய நாட்களில் உச்சந்தலைத் தோல் தொட்டாலே எரியும். அதனால் நூல் முனைகளை உள்பக்கம் செருகாமல் விளிம்பை ஒட்டிச் செருகுங்கள். உள்ளே முடிச்சு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அழகுக்காக வைக்கும் பூவின் பின்தையலும் உறுத்தும். நெய்யூர் போல் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் ஊர்களில் இதற்குத் தேவை ஆண்டு முழுவதும் உண்டு. ஆண்களுக்கும் முடி கொட்டும். சாம்பல், கருநீலம் பின்னுபவர்கள் மிகக் குறைவு.

கருநீலம் என்றதும் சாயப் பேச்சு வருகிறது. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்புப் பருத்தி நூல் முதல் சில அலசலுக்குச் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று நம்பி வெள்ளையோடு சேர்த்துப் பின்னாதீர்கள். ஒட்டாமல் மிஞ்சிய சாயம் போயே தீரும். தண்ணீர் தெளியும்வரை அலசுவது ஒன்றுதான் வழி.

மெர்சரைஸ் செய்த (காரத்தில் பதப்படுத்திப் பளபளப்பாக்கிய) மெல்லிய குரோஷா நூலுக்கு, அதாவது ஆங்கர் போன்ற நிறுவனங்கள் 20, 40 என்று எண் போட்டு விற்கும் உருண்டைகளுக்கு, வேறு வேலை இருக்கிறது. எண் கூடக் கூட நூல் மெலியும். 1 மி.மீ. அளவை ஒட்டிய எஃகு ஊசி வேண்டும். பிள்ளைத் தொப்பிக்கு இது ஆகாது: விறைப்பு, நேரமும் பல மடங்கு. ஆனால் மேசை விரிப்பு, தட்டு மூடி என்று பின்னித் தேவாலய அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்தால், அதில் வரும் பணம் பத்துத் தொப்பியைவிட அதிகம் உதவும். இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1819இல் மிஷனரியான கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அது தலையணையில் ஊசி குத்தி, மரக்குச்சிகளில் நூல் சுற்றிச் செய்யும் பின்னல், குரோஷா இல்லை. ஆனால் மெல்லிய வெள்ளை நூலில் நாள்கணக்கில் உட்காரும் பொறுமையும், அதை விற்றுப் படிப்புக்கும் பிழைப்புக்கும் காசாக்கும் வழியும் இங்கே அன்றே வந்துவிட்டன. அதனால் ஒரு வேண்டுகோள்: ஏலத்திலும் விற்பனை மேசையிலும் நூல் விலைக்கே பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். கூலிக்குப் பின்னிப் பிழைக்கும் பெண்கள் இதே தெருவில் இருக்கிறார்கள். தானப் பொருள் மலிவாகக் கிடைத்தால் அவர்களிடம் பேரம் ஏறும்.

மில்க் காட்டன் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. மென்மையாக இருக்கும், பொம்மைக்கு நன்றாக வரும், கொதிநீருக்கு ஆகாது. வெல்வெட் நூலில் தையல் கண்ணுக்கே தெரியாது. இழை உதிர்ந்து பிள்ளையின் வாய்க்குள் போகும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊசிகளில் நீலகிரி கேத்தியிலிருந்து வரும் போனி அலுமினிய ஊசி போதுமானது. அளவு ஊசியிலேயே பொறித்திருக்கும், கொக்கி வாய் வழவழப்பாக இருக்கும். 3 மி.மீ., 3.5 மி.மீ., 5 மி.மீ. என்று மூன்று வாங்கினால் மேலே சொன்ன தொப்பி, தலையுறை, போர்வை அனைத்தையும் முடிக்கலாம். இணையத்தில் வண்ணக் கைப்பிடியோடு பன்னிரண்டு, பதினான்கு என்று மொத்தமாக விற்கும் மலிவுப் பெட்டிகளில் பாதி ஊசியைத் தொடவே வாய்ப்பு வராது. கொக்கி வாயில் பிசிறு இருந்தால் பருத்தி இழை பிரிந்து பிரிந்து மாட்டும். வாங்கியதும் மெல்லிய நைலான் துணியில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் இழை இழுபடும்.

சரியான நூல், சரியான ஊசி இருந்தும் பொருள் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, உச்சி. பின்னலைத் தொடங்கும், இழுத்து இறுக்கும் வளையமான மேஜிக் ரிங்கின் வால் குட்டையாக இருந்தால் நாலாம் அலசலில் உச்சி திறந்துகொள்ளும். 15 செ.மீ. வால் விட்டு, வளையத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டி, திரும்பும்போது இழைகளின் நடுவே குத்தி எதிர்த்திசையில் ஓட்டி, மூன்றாவது முறை குறுக்கே எடுத்து வெட்டுங்கள். பளபளப்பான நூலில் முடிச்சை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது, ஓட்டை. கண்ணி கண்ணியாக இருக்கும் அழகுப் பின்னலில் காலுறையோ போர்வையோ செய்தால் பிள்ளையின் விரல் நுழைந்து, தளர்ந்த இழை சுற்றி இறுகி, ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். பிள்ளை அழும், காரணம் வெளியே தெரியாது. எனவே நெருக்கமான தையல், உள்ளே தொங்கும் இழை கிடையாது, நாடா கிடையாது, பொத்தான் கிடையாது.

மூன்றாவது, சேமிப்பு. பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் வைத்த பருத்தி ஐப்பசி மழையில் பூசணம் பூத்துக் கரும்புள்ளி விழும். அதைத் தவிர்க்கப் பாச்சை உருண்டை போடுவது இன்னும் ஆபத்து. அதிலுள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். நல்ல வெயிலில் காயவைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும். கொடுப்பதற்கு முந்திய வாரம் வாசனை இல்லாத சோப்பில் ஒருமுறை அலசிவிடுங்கள்.

குறைமாதப் பிள்ளைகளுக்கான ஆக்டோபஸ் பொம்மையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய பழக்கம் அது. முழுப் பருத்தி நூல், 60 டிகிரியில் அலசத் தாங்கும் பாலியெஸ்டர் பஞ்சு, கண்கள் நூலிலேயே தைத்தவை, கால் ஒவ்வொன்றும் இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பவை விதிகள். மருத்துவப் பயன் நிறுவப்பட்டுவிட்டதாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே ஊசியை எடுங்கள். ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய மருத்துவமனையோ சிறிய மிஷன் ஆஸ்பத்திரியோ, எங்கேயும் முதலில் கேட்க வேண்டியது எந்த அளவில், எத்தனை, எந்த மாதம் என்பதுதான். மார்பகம் நீக்கப்பட்ட பெண்களுக்கான பருத்திப் பின்னல் மார்பகங்களைச் சாயிஷா இந்தியா பவுண்டேசன் இலவசமாகக் கொடுத்துவருகிறது. அதைத் தனியாகச் செய்து பார்க்காமல் அவர்களுடைய வடிவக் குறிப்பின்படியே பின்னுவது நல்லது. வடிவமும் பஞ்சின் அளவும் பொருந்தாவிட்டால் அணிபவருக்கு உதவாது.

பலர் சேர்ந்து செய்தால் எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்குச் சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு கூட்டிச் சேர்த்த 11,148.5 சதுர மீட்டர் போர்வை சாட்சி. அன்று கின்னஸ் சாதனையான அது பின்னர் பிரிக்கப்பட்டுத் தேவைப்பட்டோருக்குப் போனது. நம் ஊர்க் குழுக்களுக்கு அந்த அளவு வேண்டாம். ஒரே நூல், ஒரே ஊசி, மூன்று அளவு என்று பேசி வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நூலை ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் உள்ள சாயத் தொகுதி எண் மாறினால் வெள்ளைகூட இரண்டு வெள்ளையாகத் தெரியும். பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு வையுங்கள்: ‘முழுப் பருத்தி. சுற்றளவு 28 செ.மீ. கொதிநீரில் அலசலாம்.’ இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு ஒவ்வொரு தொப்பியாக எடுத்து அளந்து பார்க்க நேரம் இருக்காது.