இடுப்பில் தொங்கும் செயின்சா: மரமேறும் வேலைக்கான மேற்பிடி இயந்திரம் பற்றி ஒரு மதிப்பீடு

மரத்தின் மேல் ஆறு மணி நேரம் வேலை செய்யும் ஒரு நாளில், செயின்சா உண்மையில் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் அது அணைந்த நிலையில் இடுப்பில் தொங்குகிறது. நாம் கிளை மாறும்போது தொடையில் இடிக்கிறது, கயிற்றில் சிக்குகிறது, குனியும்போது முன்னால் சரிகிறது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் தென்னை ஏறிக் கள் இறக்கிய என் தாத்தா, பாளைக் கத்தியை இடுப்புக்குப் பின்னால் எந்த இடத்தில் கட்டுவது என்பதில் மிகுந்த கவனம் காட்டுவார். கூர்மை பற்றி அவர் பேசியதைவிட அந்தக் கட்டு பற்றிப் பேசியதே அதிகம். மேற்பிடி செயின்சா, அதாவது பின்பிடி இயந்திரத்தின் மேலேயே அமைந்த சிறு சங்கிலி வாள், வாங்க விரும்புகிறவர்களும் அது இடுப்பில் எப்படித் தொங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது கோலாலம்பூரில் பதினோரு ஆண்டுகள் மரம் ஏறியபின் நான் வந்து சேர்ந்த முடிவு.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 மே 7 அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று வாகனங்கள் மீது சாய்ந்து ஓர் உயிரைப் பறித்ததற்குப் பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாகங்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் கூடின. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் இயந்திரத்தை விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் இரண்டாவதைத் தேடி வருகிறார்கள்.

நான் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்திவருவது ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 201 டிசி-எம். இதன் இயந்திரக் கொள்ளளவு 35.2 சிசி, திறன் 1.8 கிலோவாட். பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் தட்டையான உலோகத் தகடு) சங்கிலியும் எரிபொருளும் இல்லாத எடை 3.7 கிலோ என்று விவரத்தாளில் இருக்கும். ஆனால் அந்த நிலையில் எவரும் மரம் ஏறுவதில்லை. 12 அங்குல பாரைப் பொருத்தி, எரிபொருள், சங்கிலி எண்ணெய் என இரண்டு தொட்டிகளையும் நிரப்பி இடுப்பில் மாட்டினால் ஏறத்தாழ 5 கிலோ இழுக்கும். காலை எட்டு மணிக்கு அந்த எடை தெரியாது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில், சட்டை முழுவதும் நனைந்திருக்கும்போது நன்றாகவே தெரியும்.

அப்படியிருந்தும் இதையே முதன்மை இயந்திரமாக வைத்திருப்பதற்குக் காரணம் இந்த ஊரின் மரங்கள். புக்கிட் துங்கு, அம்பாங் பகுதிகளில் நாங்கள் ஏறும் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் மேல்நோக்கிப் போவதில்லை; குடை விரித்ததுபோல் படுக்கைவாட்டில் நீள்கின்றன. அத்தகைய கிளையின் மேற்பக்கம் இழுவிசையிலும் அடிப்பக்கம் அழுத்தத்திலும் இருக்கும். ஆகவே முதலில் கீழிருந்து சிறிது வெட்டிவிட்டு, பிறகு மேலிருந்து வெட்ட வேண்டும். அந்த மேல்வெட்டு தயங்காமல் விரைந்து முடிய வேண்டும். திறன் குறைந்த இயந்திரம் பாதி வெட்டில் திணறும்போது, கிளை தன் எடையாலேயே முறியத் தொடங்கிப் பட்டையோடு தண்டுவரை உரிந்துகொண்டு வரும். அந்தக் காயம் மரத்துக்குக் கேடு. அதன் கீழே நிற்பவருக்கும் ஆபத்து. 201-இன் திறன் எனக்குப் பயன்படுவது அந்தச் சில வினாடிகளில்தான்.

இதில் உள்ள எம்-டிரானிக் என்னும் மின்னணு ஏற்பாடு, எரிபொருள் கலவையையும் தீப்பொறி நேரத்தையும் தானே சரிசெய்துகொள்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்துச் சாய்ந்திருக்கும்போது, சற்றுமுன் அணைத்த இயந்திரம் ஓரிரு இழுப்பில் மீண்டும் கிளம்புவது வசதி மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. கிளம்பாத இயந்திரத்தோடு மல்லுக்கட்டும்போதுதான் உடல் நிலை குலைகிறது. ஆனால் இந்தக் கார்பரேட்டரில் திருகித் திருத்துவதற்குத் திருகுகள் இல்லை. கோளாறு வந்தால் அதற்குரிய சோதனைக் கருவி உள்ள பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செந்தூலிலோ ஜாலான் ஈப்போவிலோ இருப்பவர்களுக்கு அது பெரிய சுமையாகத் தோன்றாது. உட்பகுதிகளில் வேலை செய்பவர்கள், எளிய கார்பரேட்டர் உள்ள இயந்திரத்தையே வாங்குவது நல்லது.

சிறு கிளைகளைக் கழிப்பதற்கு மட்டும் மரம் ஏறுபவருக்கு 201 தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எக்கோ சிஎஸ்-2511 வகை 25 சிசி கொள்ளளவில், பாரும் சங்கிலியும் இல்லாமல் சுமார் 2.3 கிலோ மட்டுமே எடையுள்ளது. கடந்த ஆண்டு அதை வாங்கிய பிறகு, காய்ந்த குச்சிகளை அகற்றும் நாள்களில் 201 வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. மாலையில் இடுப்பு வலி குறைந்திருப்பதை நான் மட்டுமன்று, என் வீட்டாரும் கவனித்தார்கள். மின்கலத்தில் ஓடும் மேற்பிடி இயந்திரங்களை மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஓசை குறைவாகவும் புகை இல்லாமலும் இருப்பது பெரும் நிம்மதி. ஆயினும் தடித்த ஈரமரத்தில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுவதால், அதை மட்டும் நம்பி ஒரு பெரிய மரத்தை இறக்க நான் துணியமாட்டேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மேற்பிடி செயின்சா பயிற்சி பெற்ற மரமேறி மரத்தின் மேல் பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டது. சிறியது, இலேசானது, தோட்டத்துக்குப் போதும் என்று வீட்டுக்காரர்கள் இதை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. இரண்டு பிடிகளும் அருகருகே இருப்பதால், பாரின் நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டு இயந்திரம் பின்னுக்கு எகிறும்போது அதை அடக்குவதற்கு வேண்டிய நெம்புவலிமை, பின்னால் பிடி உள்ள வழக்கமான இயந்திரத்தில் கிடைப்பதுபோல் இதில் கிடைக்காது. மேற்பிடி என்பதால் ஒரு கையால் வெட்டலாம் என்று நினைப்பதும் தவறு. இடக்கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வெட்டும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சங்கிலி தாவினால் முதலில் போய்ச் சேரும் இடம் அந்த இடக்கைதான். இரண்டு கைகளும் இயந்திரத்தில் இருக்க வேண்டுமென்றால் உடலைத் தாங்குவதற்குக் கயிறு இருக்க வேண்டும். வெட்டும்போது முதன்மைக் கயிற்றோடு, உள்ளே எஃகு இழை வைத்த இரண்டாவது கட்டுக்கயிறும் மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். ஓடும் சங்கிலி பட்டால் கயிறு ஒரு நொடிகூடத் தாங்காது.

ஈராண்டுக்கு முன் பங்சாரில் ஒரு மாமரத்தில் இருந்தபோது, முசுறுக் கூடு ஒன்று என் தோளுக்கு மேல் உடைந்தது. எறும்புகள் கழுத்துக்குள் இறங்கியதும் என் கை என்னையறியாமல் முன்பிடியை விட்டுவிட்டது. வெட்டு முடிந்தவுடன் செயின் பிரேக்கை முன்னே தள்ளும் பழக்கம் இருந்ததால் சங்கிலி அப்போது நின்றிருந்தது. இயந்திரம் தன் வாரில் தொங்கியது, அவ்வளவுதான். கீழே நின்ற தம்பி, “அண்ணே, இறங்கிடுங்கண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று கத்தினான். இறங்கிவிட்டேன். அன்றுமுதல் ஏறுவதற்கு முன் அந்த பிரேக்கைத் தரையிலேயே இயக்கிச் சோதிக்காமல் நான் கிளம்புவதில்லை. விசையை விட்ட பிறகும் சங்கிலி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தால், அந்த இயந்திரம் அன்றைக்கு மரம் ஏறாது.

பராமரிப்பில் முக்கால்வாசி சங்கிலியைச் சேர்ந்தது. என் 201-இல் இருப்பது கண்ணி அளவு எட்டில் மூன்று அங்குலமான, ஸ்டிலின் பிக்கோ வகைச் சங்கிலி. அதற்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். ஸ்டிலின் கால் அங்குலப் பிக்கோ சங்கிலி பூட்டிய சிறு இயந்திரங்களுக்கு 3.2 மில்லிமீட்டர் அரம் வேண்டும். அரம் மாறினால் பல்லின் கொக்கிவடிவம் கெட்டுவிடும். கடையில் கேட்டுத் தெளிந்தபின் வாங்குங்கள். 30 பாகைக் கோணத்தில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளித் தீட்ட வேண்டும். ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டால் வெட்டு வளைந்து போகும். வளைந்த வெட்டில் பார் சிக்கும். பல் எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதைக் கட்டுப்படுத்தும், பற்களுக்கு முன்னுள்ள மேடுகளை (ஆழ அளவுகளை) பல்லின் உச்சியிலிருந்து 0.65 மில்லிமீட்டர் இடைவெளிக்கு மேல் தாழ்த்த வேண்டாம். அதிகம் தாழ்த்தினால் சங்கிலி மரத்தைக் கவ்வி இழுக்கும், எகிறும் ஆபத்தும் கூடும். தீட்ட வேண்டிய நேரத்தை மரத்தூளே சொல்லும்: சீவல்களாக விழுந்தால் நல்லது, மாவாகக் கொட்டினால் உடனே நிறுத்துங்கள்.

அங்சானா மரம் வெட்டும் நாள்களில் கூடுதல் வேலை உண்டு. அதன் சிவந்த பிசின் சங்கிலி இணைப்புகளிலும் பாரின் பள்ளத்திலும் உறைந்து, எண்ணெய்த் துளையை அடைத்துவிடுகிறது. அன்றே மூடியைக் கழற்றிப் பள்ளத்தைச் சுரண்டிவிட்டு, பாரைப் புரட்டிப் போட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் பிசின் கல்லாகிவிடும். தென்னை வெட்டினால் நார் சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும், அதையும் அப்போதே பிய்த்தெடுக்க வேண்டும். சங்கிலிக்குப் பழைய இயந்திர எண்ணெயை ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் உலோகத் துகள்கள் இருக்கின்றன, உடலுக்கும் கேடு, சங்கிலியில் ஒட்டி நிற்பதும் இல்லை. வேலை முடிந்ததும் சங்கிலியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட சங்கிலி குளிரும்போது சுருங்கி, அச்சையும் தாங்கிகளையும் இழுக்கும்.

எரிபொருள் கலவை 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். நான் இரண்டு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முன் கலந்து வைத்ததை ஒரு முறை ஏழு வாரம் கழித்து ஊற்றினேன். காலை முழுவதும் வேகம் ஏறாமல் திணறியது, பிறகு கார்பரேட்டரைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. தவறு முழுக்க என்னுடையது. 30 நாளுக்குமேல் ஆன கலவையை இப்போது பயன்படுத்துவதில்லை.

இரண்டு சங்கிலிகளை மாற்றி மாற்றிப் பூட்டினால், அவையும் பற்சக்கரமும் ஒன்றாகத் தேயும். பற்சக்கரத்தில் தேய்மானத் தடம் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டியதும் அதை மாற்றிவிடுங்கள். தேய்ந்த சக்கரத்தில் புதுச் சங்கிலியைப் போடுவது பணத்தைக் கொட்டுவதாகும்.

வாங்கப் போகும் நாளில் உங்கள் சொந்த ஹார்னஸை (மரமேறும்போது உடலில் கட்டும் வார்த்தொகுதி) கையோடு கொண்டுபோங்கள். பார் பொருத்தி, தொட்டிகளை நிரப்பித் தரச் சொல்லி, இயந்திரத்தை அணைத்த நிலையில் அதில் மாட்டிக்கொண்டு கடைக்குள் பத்து நிமிடம் நடந்து, குனிந்து, ஒரு காலை நாற்காலியில் ஏற்றிப் பாருங்கள். இடிக்கும் இடம், வார் மிகையாகும் நீளம், இயந்திரத்தின் பிடிக்கும் உங்கள் கைக்கும் உள்ள தூரம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் இதற்கு முகம் சுளித்ததில்லை. முகம் சுளிக்கும் கடையில், பிறகு உதிரிபாகம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதால், நான் வாங்கமாட்டேன்.