அல்சூர் வீட்டுக் கூரைக் கறையும் 24 நாள் விடுப்பும்

நான் சிங்கப்பூரில் வசித்தாலும், பெங்களூரு அல்சூரில், ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்பா கட்டிய மாடி வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். இம்முறை 24 நாள் விடுப்பில் போனபோது, மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கூடத்துக் கூரையில் சென்ற ஆண்டு சாப்பாட்டுத் தட்டளவில் இருந்த மஞ்சள் கறை முறத்தளவுக்கு விரிந்திருந்தது. அதற்கெனப் போன ஆண்டே பணம் செலவழித்தாகிவிட்டது என்பதுதான் எனக்கு எரிச்சல். கைப்பேசிச் செயலி வழியாக வந்த ஒரு நிறுவனத்தார் குளியலறைத் தரையின் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, ரசாயனப் பூச்சு அடைத்து, பத்தாண்டு உத்தரவாதச் சீட்டும் கொடுத்துச் சென்றிருந்தார்கள். மறுபடி அழைத்தபோது, குழாய்க் கசிவுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அவர்கள் செய்த வேலையில் குறை இருந்திருக்காது. எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது அந்த வேலை அல்ல, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிப்பதென்றால், கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்த வேண்டும். புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையோட்டைப் பெயர்த்து மாற்றவும் அனுமதி இல்லை. பட்டியலைப் பார்த்து ஆளைப் பிடித்துப் பழகிய கண்ணுக்கு ஊரில் பிடி கிடைப்பதில்லை. பெங்களூரிலும் புதிய குடிநீர் இணைப்புக்கு உரிமம் பெற்ற பிளம்பரும், மின்சுமையைக் கூட்ட உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரும் வேண்டும்தான்; ஆனால் வீட்டுக்குள் ஒரு சுவரை உடைக்க வருகிறவரிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை.

ஆகவே, இம்முறை விலை கேட்பதற்கு முன் ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார் என்று கவனிப்பது என்று முடிவு செய்தேன். முதலில் வந்த பெயின்டர், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பட்டி வைத்து இரண்டு கோட்டிங் அடித்தால் கறை தெரியாது என்றார். அடுத்து வந்த மேஸ்திரி, குளியலறைத் தரை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று, மாடி ஏறாமலே சொன்னார். மூன்றாவதாக, அம்மா வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர் அனுப்பிய பிளம்பர், தருமபுரிப் பக்கத்துக்காரர், வந்ததும் அம்மாவைப் பார்த்து, "கறை எப்பம்மா பெருசாகுது? மழைக்கா, குளிச்ச பிறகா, இல்ல எப்பவுமேவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் முழு நோயறிதலும் இருக்கிறது. மழையின்போது மட்டும் ஈரம் கூடினால் வெளிச்சுவரையோ மொட்டைமாடியையோ பார்க்க வேண்டும். குளித்த பிறகு மட்டும் கூடினால் தரையையோ கழிவுநீர்க் குழாயையோ பார்க்க வேண்டும். யாரும் குளியலறையைப் பயன்படுத்தாத நாளிலும் கூடினால், எப்போதும் அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும் வரத்துக் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அம்மாவுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பிளம்பர் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். தரையின் வடிவாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். 24 மணி நேரத்தில் தரைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவில்லை. கூரைக் கறையோ கோட்டைத் தாண்டியிருந்தது. தரை குற்றமற்றது என்று தெரிந்தது. கைப்பம்பால் குழாய்களில் தனித்தனியாக அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது, கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் மட்டும் அழுத்தமானியின் முள் இறங்கியது. ஒன்றரை அடிச் சுவரை உடைத்ததும், பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் முழங்கை இணைப்பு துருவேறி ஊசித் துளையளவு ஓட்டையாகியிருந்தது வெளிப்பட்டது. தரை முழுவதையும் பெயர்த்திருந்தால் புதுத்தரைக்குக் கீழும் அதே கறை வந்திருக்கும்.

கூலி பேசுவதில் ஒரு விஷயத்தை அவரிடமே கற்றேன். எங்கே கசிகிறது என்று தெரியாத வரை நாள்கூலி. தெரிந்த பிறகு மொத்த ஒப்பந்தம். தெரியாத வேலைக்கு மொத்தமாகப் பேசினால், வருகிறவர் தன் பயத்தையும் சேர்த்தே விலை சொல்வார் அல்லது பாதியில் விட்டுப் போவார்.

சிக்கல் அதன்பின்தான் வந்தது. பிளம்பர் உடைத்ததை மூட வேண்டியவர் கொத்தனார், அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டியவர் வேறொருவர். பின்னாளில் ஒழுகினால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அதனால் பிளம்பரையே தலைவராக்கி, கொத்தனாரை அவரே அழைத்து வரட்டும் என்று விட்டேன். வெந்நீர் தாங்கும் புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயை ஒட்டிய மறுநாள், கொத்தனார் முன்னிலையில் மீண்டும் அழுத்தம் ஏற்றி, முள் அசையாமல் நிற்பதை அம்மாவும் பார்த்த பிறகே சுவரை மூடினோம். பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வேண்டுமென்றே வேறு நிறம் வைக்கச் சொன்னேன். அடுத்த முறை உடைக்கும்போது குழாய் எங்கே என்று தேட வேண்டாம் அல்லவா.

இதே விடுப்பில் வைத்துக்கொண்ட வயரிங் வேலை எளிதாக முடிந்தது. ஒரு எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பலகையை மாற்றினால் போதும் என்றார். இன்னொருவர் மெயின் பெட்டியைத் திறந்து, எர்த் கம்பி எங்கே போகிறது என்று தேடிவிட்டு, கீசருக்கு 4 சதுர மி.மீ. தாமிர வயரும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், அவரையே அமர்த்தினேன். பொருளை மட்டும் எஸ்.ஜே.பி. சாலையின் மின்பொருள் சந்தையில் நானே வாங்கினேன். வேலைக்காரரோடு கடைக்குப் போனால் அவருக்கான கமிஷனும் நம் ரசீதில் ஏறும் என்பது அந்தச் சந்தையில் பழகிய எவருக்கும் தெரியும். அதில் அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை; வயர் சுருளின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் வந்த பெயின்டரைக் கடைசியில் அழைத்தோம். கூரை முழுதாகக் காயாமல் பட்டி வைத்தால் உரியும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். நான் விமானம் ஏறிய அன்று பென்சில் கோடு அப்படியே இருந்தது. கறை அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஞாயிறுதோறும் அம்மா அதைப் படம் எடுத்து அனுப்புகிறார்.