ஆழம் குறைந்த தண்ணீரில் ஷாலோ வகை கணவாய் ஜிக்: நீண்ட நாள் உபயோகத்தில் தெரிவது

கடல்புல்லும் பாறையும் கலந்த ஒன்று முதல் மூன்று மீட்டர் தண்ணீரில் கணவாய் பிடிக்கும்போது ஜிக்கின் (முள் பொருத்திய செயற்கை இரையின்) நிறத்தைப் பற்றி நடக்கும் வாதம் பெரும்பாலும் வீண். முதலில் பார்க்க வேண்டியது அது மூழ்கும் வேகம். இறால் வடிவ ஜிக்கில் சாதாரண 3.5 சைஸ் சுமார் 20 கிராம் இருக்கும், மீட்டருக்கு மூன்று, மூன்றரை விநாடியில் இறங்கும். இரண்டு மீட்டர் தண்ணீரில் ஏழு விநாடிக்குள் புல்லில் செருகிக்கொள்ளும். கணவாய் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் அணைக்கிறது, அதனால் இந்த அவகாசம் போதாது. அதே சைஸில் ஷாலோ வகை, அதாவது ஆழம் குறைந்த இடத்துக்கென மெதுவாக மூழ்கச் செய்த ஜிக், மீட்டருக்கு ஆறு விநாடி எடுத்துக்கொள்ளும். 2.5 சைஸுக்கு இறங்கினாலும் வேகம் குறையும்தான், ஆனால் 10 கிராம் ஜிக் எதிர்க்காற்றில் தூரம் போகாது.

லைன் பிஇ (பின்னிய பாலிஎதிலீன் இழை) 0.6 நம்பர், அதன் நுனியில் ஜிக்குக்கு முன் கட்டும் லீடர் ஃபுளோரோகார்பன் 2 நம்பர், லீடரின் நீளம் ஒரு பாகம். பிஇ லைன் மிதக்கும். காற்று அதை வளைத்து இழுத்தால் ஜிக் இறங்காமல் பக்கவாட்டில் ஓடும். எனவே ராட் (தூண்டில் கோல்) நுனியைத் தண்ணீரை ஒட்டியே வைக்க வேண்டும்.

வீசியதும் ஒருமுறை மட்டும் ஜிக் தரை தட்டும் வரை விநாடிகளை எண்ணுங்கள். எட்டில் தட்டினால் அடுத்த வீச்சிலிருந்து ஆறிலேயே தூக்கிவிடலாம். தூக்க ராடை இரண்டு முறை லேசாகச் சுண்டினால் போதும். பலமாகச் சுண்டினால் ஜிக் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், பக்கத்தில் நின்ற கணவாயும் ஓடிவிடும். பிறகு லைனைத் தொய்யவும் விடாமல் இறுக்கவும் செய்யாமல் இறங்கவிட வேண்டும். லைன் சட்டென ஓடினாலும் தளர்ந்தாலும் கணவாய் பிடித்திருக்கிறது என்று பொருள். தளர்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஜிக் முட்களில் எதிர்க்கூர் கிடையாது. ஒரு நொடி தளர்ந்தாலும் கழன்றுவிடும். ட்ராக்கை (இழுப்பு கூடினால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடிப்பை) இறுக்கி வைத்தாலோ கணவாயின் நீண்ட இரு கைகளில் ஒன்று மட்டும் பிய்ந்து முள்ளில் தொங்கும். அரை கிலோ இழுப்புக்கு ட்ராக் விடுமாறு வைத்து, ராடை ஏற்றி இறக்காமல் ரீலைச் சீராகச் சுற்றுவது நல்லது.

தேய்மானத்தில் ஜிக்கைச் சுற்றியுள்ள துணி கிழிவது பெரிய குறையில்லை, கிழிந்த ஜிக்கும் பிடிக்கும். பக்க இறகு ஒன்று போனால்தான் சிக்கல், இறங்கும்போது ஜிக் சாயும். வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரியும்: தலைப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும், புரளக் கூடாது. கனம் கூட்ட ஈயக் கம்பி சுற்றுவோர் ஜிக்கின் கழுத்தடியில் உள்ள ஈயத்தின் மேலேயே சுற்ற வேண்டும், பின்னால் நகர்ந்தால் தலை நிமிர்ந்துவிடும். பாறையில் மாட்டி விரிந்த முள்ளைக் குறடால் மெதுவாகப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரலாம். அதே முள்ளை மறுபடி மறுபடி வளைத்தால் ஒடியும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒன்றின் துரு மற்ற எல்லாத் துணியிலும் ஏறிவிடும்.